மூன்று இடத்துக்கும் சரி சொன்னவர்

ஒரே முகூர்த்தத்தில் மூன்று வீட்டு விசேஷத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, மூன்று வீட்டிலும் போய் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் காதுகுத்து, இன்னொரு வீட்டில் கிரகப்பிரவேசம், மூன்றாவது வீட்டில் வளைகாப்பு. மூன்று வீட்டுக்காரர்களும், "எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல வந்தாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் எதிர்ப்பந்தியில் நான் இருந்தேன். சோற்றை மெல்ல முடியாமல் மென்றுகொண்டிருந்தார். பாயசத்தோடு ஒரு பெண் வந்து நின்றபோது இலையின் மேல் கையை நீட்டித் தடுக்கப் போனார். பாதியில் அந்தக் கை தானாகவே விலகிக்கொண்டது. "ஊத்து கண்ணு," என்றார்.

அவர் எங்கள் வார்டு மெம்பர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மெம்பர் அக்கா. ஐம்பதைத் தாண்டிய, கொஞ்சம் பருத்த உடம்பு. கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும். அதற்குள் செல்போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். யார் என்று பார்க்காமலேயே எடுத்து, "சொல்லு கண்ணு" என்பார். அந்தப் பக்கம் சொல்லி முடிப்பதற்குள், "செஞ்சிடலாம் கண்ணு" என்று சொல்லிவிடுவார். நேரில் கேட்டால் கூடவே நம் தாடையை இரண்டு விரலால் தொடுவார். அந்த விரல் பட்டதும் கேட்ட காரியம் முடிந்தேவிட்டதுபோல ஒரு நிம்மதி வரும். முன்பு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது தேர்தலில் நின்றார், ஜெயித்தார். எதிர்த்து நின்ற பெண்ணே இவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

நான் திண்டிவனம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட்.டும் முடித்தவள். குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. எதையும் ஒருமுறை செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று பத்துமுறை யோசிக்கிற சுபாவம். அதனாலோ என்னவோ, யோசிக்காமலேயே சரி சொல்கிற அவரை முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது ஒரு கோடையில். தண்ணீர் லாரி காலையில் முதலில் உங்களுக்குத்தான் என்று மேட்டுத் தெருவுக்கும் சொல்லியிருந்தார், கோயில் தெருவுக்கும் சொல்லியிருந்தார். முக்கில் லாரி வந்து நின்றது. இரண்டு பக்கமும் குடங்கள். "இங்க திருப்பு", "எங்க வூட்டாண்ட வா" என்று ஒரே கூச்சல். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, நான் ஒரு வண்டிதான் வெச்சிகினு கீறேன். ரெண்டா பொளந்து குடுக்கட்டா?" என்றார். கடைசியில் அவராகவே மேட்டுத் தெருப் பக்கம் திருப்பினார். கோயில் தெருப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை. "நீ வூடு போய்ச் சேர மாட்ட", "உன் வண்டி பஞ்சராவ". மெம்பர் அக்கா அங்கேதான் இருந்தார். ஒரு வயதான அம்மாவின் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அக்கா யார்கிட்டயும் கெட்ட பேர் வாங்க மாட்டாங்க," என்றார். பாராட்டுகிறார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

இனி எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் ஊர் இரண்டு பக்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் அம்மன் கோயிலும் எங்கள் தெருக்களும். அந்தப் பக்கம் காலனி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டீக்கடை. நடுவில் கார் ஏற்றிப் போகிற நீளமான லாரிகளும் கம்பெனி பஸ்களும். எங்கள் ஊருக்கு நேராக சிக்னல் கிடையாது.

என் மாமனாரின் நிலம் நான் வருவதற்கு முன்பே தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மாமியாரும் இல்லை. கணவர் ஷிப்டுக்குப் போனால் வீட்டில் மாமாவும் நானும் இரண்டரை வயது இனியாவும்தான். மாமா காலையில் டீக்கடைக்குப் போக அந்தச் சாலையைத் தாண்டுவார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. சாலையின் பாதியைத் தாண்டியதும் அந்தக் கண் இருக்கிற பக்கத்திலிருந்துதான் லாரிகள் வரும்.

ஒருநாள் வெகுநேரமாகியும் அவர் வரவில்லை. இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். சாலையின் நடுத்திட்டில், அரளிச்செடிகளுக்கு நடுவே, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பாதி சாலையைத் தாண்டியவருக்கு மீதியைத் தாண்டத் தைரியம் வரவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை. எவ்வளவு நேரமாக அந்த வெயிலில் நின்றாரோ. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். கூப்பிடுகிறாரா, வராதே என்கிறாரா என்று தெரியவில்லை. குழந்தையோடு குறுக்கே போவதா, அவரை அப்படியே விடுவதா? இரண்டு அடி இறங்கினேன். ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே என் முந்தானையை இழுக்கிறமாதிரி கடந்து போனது. இனியா வீறிட்டாள். ஒரு பஸ் டிரைவர் வண்டியைக் குறுக்காக நிறுத்தி வழி விட்ட பிறகுதான் அவரைக் கூட்டிவர முடிந்தது. வீட்டு வாசலில் நின்று மாமா, "புள்ளைய தூக்கிகினு ஏம்மா வந்த?" என்று மட்டும் கேட்டார்.

இனி போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் போகமாட்டார். ஆனால் அதன் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கவும் எனக்குப் பயம். சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி தன் சமூக நிதியிலிருந்து எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு ஒரு மையம் கட்டித் தருவதாகச் சொன்னது. பகலில் வந்து உட்காரலாம், கேரம் ஆடலாம், பேப்பர் படிக்கலாம், மாதம் ஒருமுறை டாக்டர் வந்து பார்ப்பார். இடத்தைப் பஞ்சாயத்து காட்ட வேண்டும். மார்ச்சுக்குள் இடம் முடிவாகாவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும். பஞ்சாயத்துத் தலைவர், "உன் வார்டு, நீயே முடிச்சிக்கோ" என்று மெம்பர் அக்காவிடம் தள்ளிவிட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அக்கா, அந்தக் கட்டடம் நம்ம பக்கமே வந்துட்டா மாமா ரோட்டைத் தாண்ட வேண்டாம்..." என்று ஆரம்பித்தேன்.

"செஞ்சிடலாம் கண்ணு. கோயிலாண்ட பழைய பால் சொசைட்டி எடம் சும்மாதான கீது?" கீரைக் கையால் தாடையைத் தொட்டார். "நீயும் அந்தக் கட்டடக் கமிட்டியில இரு. படிச்ச பொண்ணு ஒண்ணு இருந்தா நல்லது."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் சாயங்காலம் இனியாவிடம், "தாத்தா ஆபீசுக்குப் போவப் போறேன். நீ டாட்டா காட்டணும், சரியா?" என்று சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது.

அடுத்த ரேஷன் நாளில் என் நிம்மதி போனது. ரேஷன் கடை வரிசையில் ஆட்கள் நிற்க மாட்டார்கள், பைகள்தான் நிற்கும். பைக்குச் சொந்தக்காரர்கள் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர்களும் காலனிப் பெரியவர்களும் ஒரே நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து பேசுகிற இடம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான். அங்கே காலனியைச் சேர்ந்த ஏழுமலை ஐயா என்னைக் கூப்பிட்டார். ரோடு போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குரல் எப்போதும் ரோடு ரோலருக்கு மேல் பேசுகிற குரல்.

"இன்னாம்மா, உங்க மாமனாருக்கும் சேத்துத்தான் கட்றாங்க. எங்க தண்ணி டேங்காண்ட. மெம்பரம்மா எங்க தெருவுல நின்னு சொல்லிட்டாங்க."

நான் வரிசையில் இருந்த என் பையைத் திரும்பிப் பார்த்தேன்.

"வருவாரா உங்க மாமனாரு, எங்க தெருவுக்கு?" என்று சிரித்தார். சிரித்தாலும் கேள்வி கேள்விதான்.

"வருவாரு," என்று அவசரமாகச் சொன்னேன்.

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார்.

அன்று மாலையே மெம்பர் அக்கா வீட்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, டேங்க் பக்கத்துலன்னு அங்க சொல்லியிருக்கீங்களா?"

"ஆமா கண்ணு. கேட்டாங்க."

"என்கிட்ட கோயில் பக்கத்துலன்னு சொன்னீங்களே?"

"ஆமா. நீயும் கேட்ட."

"கம்பெனிக்காரங்ககிட்ட?"

"அந்த ஆபீசர் தம்பி பாவம், புதுசா வேலைக்கு வந்த புள்ள. ரோட்டு மேல போர்டு தெரியணும்னு மேனேஜர் சொல்லி அனுப்பிச்சிகிறான். ரேஷன் கடைக்கும் இஸ்கூலுக்கும் நடுவுல பொறம்போக்கு கீதே, அத கேட்டுச்சு. சரின்னேன்."

"கட்டடம் ஒண்ணுதானேக்கா!"

"ஒண்ணுதான். அதுக்கு இன்னும் நாள் கீது இல்ல?"

"யாராவது ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லித்தானே ஆகணும்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். "முடியாதுன்னு சொல்றது இன்னா பெரிய வேலையா கண்ணு? ஒரு நொடி. சொல்லிட்டு அதே தெருவுலதான் நடந்து வூட்டுக்கு வரணும். அதான் பெரிய வேலை." உடனே இனியாவின் பக்கம் குனிந்து, "மிக்சர் துன்றியா?" என்றார்.

திரும்பி வரும்போது என் மனம் ஒரு நிலையில் இல்லை. பயந்தவரா, தந்திரக்காரரா? எதுவாக இருந்தாலும், கடைசியில் கோயில் பக்கம்தான் முடிப்பார் என்று நம்ப விரும்பினேன். அவரும் ஊர்ப் பக்கத்தவர்தானே. அப்படி முடித்தால் ஏழுமலை ஐயாவின் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை மெம்பர் அக்கா பாடு என்று விட்டுவிடலாம் அல்லவா? நான் யார், நேற்று வந்தவள். இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இடம் பார்க்கிற நாள் காலையில் மெம்பர் அக்கா போன் செய்தார். "நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும் கண்ணு." இனியாவை விட்டுவர ஆள் இல்லை. மாமாவிடம் விடலாம். ஆனால் அவர் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டால்? தூக்கிக்கொண்டே போனேன். கம்பெனிக் காரில் முன்னால் ஆபீசர், பின்னால் நாங்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை, அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முதலில் கோயில் பக்கம். பிளாஸ்டிக் நாற்காலி, இளநீர், எல்லாம் தயார். என் கணவரின் பெரியப்பா, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், வெள்ளைச் சட்டையில் நின்றார். கோயில் காரியங்கள் அவர் சொல்படிதான் நடக்கும். "பாருங்க சார், ரெண்டு வேப்ப மரம். ஃபேனே வேணாம்," என்றார்.

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. காலனிப் பெரியவங்க இங்க வருவாங்களா ஐயா?"

"ஏன் வரமாட்டாங்க? யாரு தடுத்தா? அவங்களா வர்றதில்ல. அவ்ளோதான்."

ஆபீசர் மெம்பர் அக்காவைப் பார்த்தார். "செஞ்சிடலாம் தம்பி," என்றார் அவர். பெரிய மாமா என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, உன் மாமனாரு இனிமே எழுந்து நாலு எட்டு வெச்சா போதும்," என்றார். சிரித்தேன். கையில் இளநீர் கனத்தது.

அடுத்து சாலையைத் தாண்டி, டேங்க். அங்கே நாற்காலி இல்லை. ஆனால் இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஏழுமலை ஐயா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். "சார், எது வந்தாலும் அந்தப் பக்கம்தான் வரும். லைப்ரரி அங்க, பாங்கு அங்க. இஸ்கூலும் ரேஷன் கடையும் ரெண்டு பக்கத்துக்கும் பொது. எங்களுக்குன்னு வந்தது இந்த டேங்குதான். இது ஒண்ணு எங்களாண்ட வரட்டும்."

"அந்தப் பக்கத்து ஆளுங்க இங்க வருவாங்களா?"

"நாங்க வேணாம்னா சொல்றோம்?"

"செஞ்சிடலாம் தம்பி," என்றார் மெம்பர் அக்கா. ஒரு பெண் கைதட்டினாள்.

காரில் ஏறியதும் ஆபீசர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "யக்கா, போற எடத்துல எல்லாம் செஞ்சிரலாம் செஞ்சிரலாம்ங்கிய. ஒரு கட்டடத்துக்குத்தான் எங்களுக்கு அனுமதி. இன்னைக்கு ஒரு எடத்த நான் சொல்லலைன்னா எங்க மேனேஜர் பக்கத்து ஊருக்குக் குடுத்துருவாரு. சும்மா பயங்காட்டல, நெசமாத்தான்."

"கோச்சிக்காத தம்பி. ஒரு டீ குடிக்கிறியா?"

"டீ வேண்டாம் யக்கா. எடத்தச் சொல்லுங்க."

ரேஷன் கடை முன்னால் கார் நின்றபோது பெரிய மாமாவின் ஆட்கள் பைக்குகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து காலனிக்காரர்கள் நடந்து வந்தார்கள். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும், மூன்று இடத்துக்கும் சரி சொல்லியாகிவிட்டது என்று. ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பேசினால் கத்தித்தான் பேச வேண்டும்.

"சொல்லுங்க யக்கா," என்றார் ஆபீசர்.

எல்லோரும் மெம்பர் அக்காவைப் பார்த்தோம். கழுத்துப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு அவர் கை என் தோளில் வந்து விழுந்தது.

"இந்தப் பொண்ணு சொல்லும் தம்பி. கமிட்டியில கீது. படிச்ச பொண்ணு."

என் பக்கம் திரும்பிய கண்களை எண்ணவில்லை. இனியா என் தாலிக்கொடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கோயில் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மாமா இனிச் சாலையைத் தாண்ட வேண்டாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டாம். பெரிய மாமாவின் முகத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்ட திருப்தி முன்பே வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் புங்க மரத்தைப் பார்த்தேன். சண்டைக்கு வந்தவர்கள் சாலையோரம் இரண்டு கும்பலாக நின்றார்கள். அவர்களோடு வந்த வயதானவர்கள் நிற்க முடியாமல், பழக்கத்தில், மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தவர்களும். ஒருவர் இன்னொருவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். அவர்களுக்கு நடுவே, துண்டை மடித்துப் போட்டு, மாமா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார்? யார் கூட்டிவந்தது? அந்தக் கண்ணோடு, தனியாகவா?

"இங்கயே கட்டுங்க சார்," என்றேன். பஸ் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "இங்கயே கட்டுங்க! கோயில் பக்கத்துல வேண்டாம். அங்க கட்டினா யாரு வரமாட்டாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். டேங்க் பக்கத்துலயும் வேண்டாம். அங்க யாரு வரமாட்டாங்கன்னும் தெரியும். இங்க வருவாங்க. அதோ, வந்திருக்காங்க."

ஒரு பஸ் கடந்து போனது. பிறகு பெரிய மாமா என்னிடம் வந்தார். "எந்த ஊர்லருந்து வந்தவ நீ? எங்க ஊருக்கு நீ எடம் காட்றியா? உன் மாமனார லாரில அடிபடவுட்டு உனக்கு இன்னாடி ஆவப்போவுது?"

காலனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "கம்பெனிக்காரன் இன்னா குடுத்தான் இந்தம்மாக்கு? போர்டு தெரியறதுக்குன்னே எடம் சொல்லுது!" என்றாள். ஏழுமலை ஐயா கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மெம்பர் அக்கா ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். என் இடுப்பு லேசாக இருந்தது. எப்போது வாங்கினாரோ, இனியாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, "பஸ்ஸு பாரு, பெரிய பஸ்ஸு!" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

ஆபீசர் இதற்குமேல் நிற்கவில்லை. சுண்ணாம்புப் பொடியை எடுத்து அந்தப் புறம்போக்கின் நான்கு மூலையிலும் போட்டார்.

அன்று வீட்டில் கணவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அப்பாவ டெய்லி யாரு ரோட்டத் தாண்டிக் கூட்டிப் போறது?" என்று கேட்டார். "நான்," என்றேன். மழையில்? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்? நானே எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மெம்பர் அக்கா ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். தாடையைத் தொட்டு, "நல்லா சொன்ன கண்ணு," என்றார்.

நான் முகத்தை இழுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு பெரியவரிடம் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. "நீங்க சொல்லியிருக்கலாமேக்கா. உங்களுக்கும் அதுதானே மனசுல இருந்துச்சு?"

அவர் முருங்கைக்காயை முறத்தில் வைத்தார். "நான் சொல்லியிருந்தா ஊரே ரெண்டா நின்னிருக்கும். நீ சொன்னா உன்ன மட்டும்தான திட்டுவாங்க?"

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத குரல். அவரை வெளியே போகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு பெரிய மாமா வீட்டில் எங்களோடு பேச்சு நின்றது. அவர் மனைவி எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். மெம்பர் அக்காவை மட்டும் அவர்கள் வீட்டில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள்.

கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது, போனது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஊர்க்காரர்கள் பெரிய மாமாவுக்காக வரவில்லை. காலனிக்காரர்கள் ஏழுமலை ஐயாவுக்காக வரவில்லை. நான் தினமும் மாமாவின் கையைப் பிடித்து, இனியாவை இடுப்பில் இடுக்கி, லாரிகளுக்கு நடுவே இடைவெளி தேடி, அந்தக் காலிக் கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். ஒருநாள் மதியம் கூப்பிடப் போனபோது, கேரம் பலகையில் தனக்கு எதிரில் யாரோ இருப்பதுபோல இரண்டு பக்கமும் தானே மாறிமாறி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டேன். மூன்று இடத்தில் எது என்று கேட்டபோது, ஒருவரும் வராத இடத்தைக் காட்டிவிட்டேனோ?

மெம்பர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். வழக்கமான வார்த்தையைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் செய்ததை நான் பிறகுதான் துண்டுதுண்டாகத் தெரிந்துகொண்டேன். பெரிய மாமாவிடம் போய், "மையத்துக்குத் தலைவரா உங்களத்தான் போட்டுகீது. நீங்க வரலன்னா அந்தப் பக்கத்துக்காரங்க எடுத்துக்குவாங்க," என்று சொல்லி ஒரு சாவி கொடுத்திருக்கிறார். பிறகு ஏழுமலை ஐயாவிடம் போய் அதையே திருப்பிச் சொல்லி இன்னொரு சாவி கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை இரண்டு தலைவர்களும் தங்கள் ஆட்களோடு வந்து கதவு முன்னால் சந்தித்துக்கொண்டார்கள். யார் தலைவர் என்ற சண்டை தொடங்கியது. அந்தச் சண்டையை விட்டுப் போக இருவருக்கும் மனமில்லை. விட்டுப் போனால் மற்றவர் தலைவராகிவிடுவார் அல்லவா? மாமாவுக்குக் கேரம் ஆட ஆள் கிடைத்தது.

மெம்பர் அக்காவின் மகனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பதவிக்காலம் முடிந்ததும் அவரும் அங்கே போனார். கிளம்புகிற அன்று கேட்டேன், "நிஜமா யாருதான்க்கா தலைவர்?"

"ரெண்டு பேரும் மனசுல அதான கேட்டாங்க கண்ணு," என்றார். சிரித்தாரா, கண் கலங்கினாரா என்று சொல்ல முடியவில்லை. மாதாமாதம் வருவதாக ஒவ்வொரு தெருவிலும் சொல்லிவிட்டுப் போனார். யாரும் எதிர்பார்க்கவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. நான் மட்டும் அவரை நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கோபப்படுகிறேன். பிறகு அந்தக் கோபம் சரிதானா என்று யோசிக்கிறேன்.

சாலைக்கு இன்னும் சிக்னல் வரவில்லை. போன வாரம் ஒரு காலை, மாமாவோடு ஓரத்தில் நின்றிருந்தேன். லேசான தூறல். ஒரு கையில் மாமா, இடுப்பில் இனியா. குடை பிடிக்க மூன்றாவது கை இல்லை. லாரிகள் விடுவதாக இல்லை. பெரிய மாமா கொஞ்சம் தள்ளி வந்து நின்றார், அவரும் தாண்ட வேண்டுமே. எதிர்ப் பக்கம் ஏழுமலை ஐயா மையத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். பெரிய மாமா அதைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பிறகு வந்து மாமாவின் மறு கையைப் பிடித்தார், லாரி வருகிற பக்கத்துக் கையை. குடையை விரித்தபடியே சாலைக்குள் நீட்டி, "நில்றா டேய்!" என்று ஒரு கண்டெய்னர் லாரியைப் பார்த்துக் கத்தினார். லாரி நின்றது.

தாண்டினோம். அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அவர் மாமாவின் கையை விடவில்லை. சேர்ந்ததும் விட்டுவிட்டு, இடுப்பில் சாவியைத் தடவிக்கொண்டே முன்னால் நடந்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நாங்கள் போனபோது, சாலையோரத்தில் குடையோடு முன்பே நின்றிருந்தார்.